தண்ணீர் பாட்டிலில் ஆசிட், பாட்டி பையில் மாத்திரை: வீட்டுக்குள் விஷம் எப்படி விபத்தாகிறது?

"பினாயில்... ஆசிட்... பிளீச்சிங் பவுடர்..." என்று ஸ்பீக்கரில் கூவிக்கொண்டே வரும் வண்டி தமிழ்நாட்டில் பல தெருக்களுக்குப் பழக்கமான ஒன்று. கடை விலையைவிடப் பாதிதான். ஆனால், பெரும்பாலும் சரக்கு வருவது பழைய தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோதான். லேபிள் இருக்காது, இருந்தாலும் அது தண்ணீர் கம்பெனியின் லேபிளாகத்தான் இருக்கும். வாங்கியவர் அதை பாத்ரூம் மூலையிலோ சிங்க்குக்குக் கீழேயோ வைக்கிறார். வைத்தவருக்கு அது ஆசிட் என்று தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கு அது தண்ணீர் பாட்டில்.

வீட்டில் நடக்கும் விஷ விபத்துகளில் கணிசமானவற்றின் கதை இதுதான். யாரும் விஷத்தைக் குடிக்கவில்லை, பாட்டிலில் இருந்ததைக் குடித்தார்கள். இருட்டில் தாகத்தோடு எழுந்த பெரியவரும் இதில் மாட்டுவார், விளையாடிக் களைத்து ஓடி வந்த நான்கு வயதுக் குழந்தையும் மாட்டும்.

டாய்லெட் கிளீனரிலும் தெருவில் விற்கும் ஆசிட்டிலும் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரே ஒரு மடக்கு போதும், உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்துபோகும். உயிர் பிழைத்தாலும் ஆறிய புண் தழும்பாகி உணவுக்குழாய் சுருங்கும். பிறகு சோறு இறங்குவதற்கே மாதக்கணக்கில் எண்டோஸ்கோப்பி மூலம் குழாயை விரிக்கும் சிகிச்சை தேவைப்படும். "கொஞ்சம்தானே குடிச்சான், துப்பிட்டான்" என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது.

தெருவில் வாங்குவதை நிறுத்த முடியாதென்றால், குறைந்தது ஒன்றைச் செய்யலாம். குடிக்கிற, சாப்பிடுகிற பொருள் வரும் எந்தப் பாத்திரத்திலும் ரசாயனத்தை ஊற்றி வைக்கக் கூடாது. பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றும் பழக்கம்தான் முதலில் போக வேண்டும். மார்க்கர் பேனாவால் 'ஆசிட்' என்று எழுதி ஒட்டினால் பெரியவர்களுக்கு உதவும். எழுத்து தெரியாத குழந்தைக்கு அந்த லேபிளால் ஒரு பயனும் இல்லை.

குழந்தைகள் ஏன் அதிகம் மாட்டுகிறார்கள்?

ஒன்றிலிருந்து நான்கு வயது வரை குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கசந்தால் துப்பிவிடும் என்று நம்ப முடியாது. அதைவிட முக்கியம் எடைக் கணக்கு. பெரியவர் ஒருவரின் எடை 60 கிலோ, ஒன்றரை வயதுக் குழந்தையின் எடை சுமார் 10 கிலோ. அதே ஒரு மாத்திரை குழந்தையின் உடம்பில் ஆறு மடங்கு வேலை செய்யும்.

மண்ணெண்ணெய் குறைந்தது, தின்னர் வந்தது

ஒரு தலைமுறைக்கு முன்னால் குழந்தைகள் வார்டில் 'மண்ணெண்ணெய் குடித்த குழந்தை' என்பது அன்றாடச் சொல். ஸ்டவ் பக்கத்திலேயே பாட்டில் இருக்கும். கேஸ் வந்த பிறகு ரேஷன் மண்ணெண்ணெய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த திரவங்கள் வேறு பெயரில் வீட்டுக்குள் இருக்கின்றன. பெயின்ட் அடித்து மிஞ்சிய தின்னர், டர்பன்டைன், பைக் துடைக்க வைத்திருக்கும் பெட்ரோல், கொசுவிரட்டி லிக்விட். பிளக்கில் செருகும் அந்தக் கொசுவிரட்டியில் பூச்சிக்கொல்லி மிகக் குறைவு. மீதியெல்லாம் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான்தான். அதைச் செருகும் பிளக் பாயின்ட்டோ பல வீடுகளில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், தவழும் குழந்தையின் கைக்கு நேராக இருக்கிறது.

இந்தத் திரவங்களின் ஆபத்து வயிற்றைவிட நுரையீரலில்தான் அதிகம். மெலிதாக வழுக்கிக்கொண்டு ஓடக்கூடியவை இவை. விழுங்கும்போது புரையேறி சில துளிகள் மூச்சுக்குழாயில் போனால் போதும், நுரையீரல் முழுக்கப் பரவி நிமோனியா போன்ற அழற்சி உண்டாகும். வாந்தி எடுக்க வைத்தால் அதே திரவம் இரண்டாவது முறை தொண்டையைக் கடக்கிறது, மறுபடி புரையேறுகிறது. அதனால்தான் மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் குடித்தவர்களை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இருமல், மூச்சிரைப்பு உடனே தெரியாமலும் போகலாம். எனவே, குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆறு மணி நேரமாவது மருத்துவக் கண்காணிப்பில் வைப்பது வழக்கம்.

தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஒரு சோதனை நடந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு, குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடி கொண்ட மண்ணெண்ணெய் பாட்டில்களைக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் குழந்தைகள் மண்ணெண்ணெய் குடிக்கும் சம்பவங்கள் சுமார் பாதியாகக் குறைந்தன. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் ஆபத்தான வீட்டுப் பொருட்களுக்கும் இத்தகைய மூடியைக் கட்டாயமாக்க வழிசெய்த சட்டம் 1970-லேயே வந்துவிட்டது. அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும் மூடி அது. இந்தியக் கடைகளில் கிடைக்கும் சிரப்புகள் பெரும்பாலும் சாதாரணத் திருகு மூடியோடுதான் வருகின்றன. "குழந்தையைப் பார்த்துக்கணும்" என்று அம்மாவைக் குற்றம் சொல்வது எளிது. மூடியை மாற்றச் சொல்லி இங்கே யாரும் பெரிதாகக் கேட்கவில்லை என்பதுதான் விசித்திரம்.

மாத்திரை: பாட்டி பையும் சத்து மாத்திரையும்

இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து தாத்தா, பாட்டி வருவார்கள். கூடவே பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, இதய மாத்திரையும் வரும். ஞாபகத்துக்காக அவை கட்டிலுக்குப் பக்கத்திலோ டிவி ஸ்டாண்டிலோ திறந்த டப்பாவில் இருக்கும். சுகருக்குத் தரும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். இறங்குவதற்குச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் "ஒண்ணும் ஆகல, விளையாடிட்டுதான் இருக்கு" என்று ஏமாந்துவிட வாய்ப்புண்டு. அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். மருந்து கொடுக்கும்போது "மிட்டாய் சாப்பிடு கண்ணு" என்று ஏமாற்றும் பழக்கமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. மிட்டாய் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

பலரும் மருந்தாகவே நினைக்காத ஒன்று இரும்புச்சத்து மாத்திரை. 'சத்து மாத்திரைதானே' என்ற பெயரே அதை ஆபத்தில்லாததாகக் காட்டிவிடுகிறது. 2023 மார்ச்சில் உதகையில் பள்ளி மாணவிகள் சிலர், யார் அதிகம் சாப்பிடுவது என்ற போட்டியில் சத்து மாத்திரைகளை அள்ளி விழுங்கினார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார்.

கணக்கைப் பாருங்கள். அரசு தரும் சிவப்பு நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கும், 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நான்கு மாத்திரை முதல் எல்லை, பத்து மாத்திரை இரண்டாவது எல்லை. கர்ப்பிணி ஒருவர் வீட்டில் இருந்தால் மாதத்துக்கு 30 மாத்திரையாவது அலமாரியில் இருக்கும். மேலே சர்க்கரைப் பூச்சு வேறு, நக்கிப் பார்த்தால் இனிக்கும்.

இரும்பு நஞ்சின் கொடுமை அதன் நடுப்பகுதி. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, சில நேரம் ரத்த வாந்தி. அதன்பிறகு எல்லாம் அடங்கி, பிள்ளை தெளிந்துவிட்டதுபோல் இருக்கும். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில் இரும்பு செல்களுக்குள் நுழைந்து கல்லீரலைப் பாதிக்கத் தொடங்கியிருக்கும். ஒரு நாள் கழித்து நிலைமை மோசமாகும்போது சிகிச்சைக்கு உகந்த நேரம் போயிருக்கும்.

பாராசிட்டமாலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. அதைச் செய்வது பெற்றோர்தான், அதுவும் முழு அக்கறையோடு. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிலிட்டருக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம். அதாவது, சிறிய பாட்டிலில் வரும் டிராப்ஸ்தான் அடர்த்தி அதிகம். சிரப் என்று நினைத்து டிராப்ஸை ஒரு ஸ்பூன் ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்களின் மாத்திரை ஒன்றுக்குச் சமம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவை 100 முதல் 150 மில்லிகிராம்தான். ஒருமுறை தவறினால் தப்பிக்கலாம். ஒரு நாளைக்கு நான்கு முறை, மூன்று நாள் என்று போனால் கல்லீரல் தாங்காது. மருந்துக் கடையில் பாட்டில் மாறினால் 'அதே மருந்துதான்' என்ற பதிலோடு திருப்தி அடையாமல், எத்தனை மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதைப் பாட்டிலில் பார்க்க வேண்டும். அளவு பார்க்க வீட்டு ஸ்பூன் வேண்டாம். கூடவே வரும் மூடி, டிராப்பர், சிரிஞ்சு எதுவோ அது.

எலி மருந்து: பேஸ்ட், கேக், தூள்

'எலி மருந்து' என்பது ஒரே பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று, நான்கு வகை இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு மாதிரி வேலை செய்யும். டியூபில் வரும் பேஸ்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். தமிழ்நாட்டில் பல குடும்பங்களைச் சிதைத்த பொருள் இது. சாப்பிட்ட முதல் நாள் வயிற்றெரிச்சல், வாந்தி. அடுத்த ஓரிரு நாள் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். பிறகு மஞ்சள் காமாலை, கல்லீரல் செயலிழப்பு. இதற்கு முறிமருந்து கிடையாது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையால் பலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது ஆறுதலான செய்தி. ஆனால், நோயாளி சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். தமிழக அரசு இந்தப் பேஸ்டைத் தடை செய்திருக்கிறது. பழைய டியூப் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

கேக் வடிவில், பச்சை அல்லது நீல நிறத்தில் வருவதில் புரோமடியோலோன் போன்ற மருந்து இருக்கும். ரத்தத்தை உறையவிடாமல் செய்வது இதன் வேலை, முறிமருந்தாக வைட்டமின் கே உண்டு. இதன் ஆபத்து நிறத்தில் இருக்கிறது, பிஸ்கட் போலவே இருக்கும். கறுப்புத் தூளாக வரும் ஜிங்க் பாஸ்பைடும், தானியத்தில் வண்டு வராமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் ஈரம் பட்டாலோ வயிற்று அமிலம் பட்டாலோ பாஸ்பீன் என்ற வாயுவை வெளிவிடும். அலுமினியம் பாஸ்பைடைப் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்கவே கூடாது என்பது விதி. அரிசி மூட்டைக்குள் போட யாராவது 'நல்ல மாத்திரை' என்று கொடுத்தால் வாங்காமல் இருப்பது நல்லது. அதை வாயில் போடவே வேண்டாம், மூடிய அறையில் அது விடும் வாயுவே கொல்லும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிகளை ஒழிக்கத் தனியார் நிறுவன ஊழியர்கள் மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில் இரவு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆப்பில் புக் செய்தால் ஒரு மணி நேரத்தில் பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வரும் காலம் இது. வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: என்ன மருந்து, அதன் பெயரை எழுதித் தர முடியுமா, எந்தெந்த இடத்தில் வைத்தீர்கள், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் எவ்வளவு நேரம் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத ஆளை மருந்து வைக்கவிடக் கூடாது. "ஒண்ணும் ஆகாது சார்" என்பது பதில் ஆகாது.

பூஜை அறையிலிருந்து பாத்ரூம் வரை

கற்பூரத்தை விஷமாக யாரும் நினைப்பதில்லை. குழந்தை ஒரு வில்லையைத் தின்றால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வயிற்றுவலி, வாந்தி என்ற முன்னறிவிப்புக்குக்கூட நேரம் இருக்காது. சளி பிடித்தால் தடவும் நீலகிரித் தைலமும் உள்ளே போனால் அப்படித்தான். பூஜைத் தட்டு தரை மட்டத்தில் இருக்கும் வீடுகளில் கற்பூர டப்பாவை மட்டுமாவது மேல் தட்டுக்கு ஏற்றலாம்.

பீரோவில் போடும் அந்துருண்டையில் நாப்தலீன் இருந்தால், ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். தின்னவே வேண்டாம். டிரங்குப் பெட்டியில் உருண்டையோடு வருடக்கணக்கில் கிடந்த பழைய துணியைப் புதிதாகப் பிறந்த குழந்தைக்குத் துவைக்காமல் போட்டாலே போதும். மூத்த பிள்ளையின் சட்டையைத் தங்கைக்குப் போடும் பாசத்தில் இதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிசைந்து விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிட ஆழமாக அரித்துக்கொண்டு போகும். டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன் குழாயைத் திறந்து கண்ணைக் கழுவ வேண்டும். ஒரு கை அள்ளித் தெளிப்பது கழுவுவதில் சேராது. இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம்.

பாத்ரூம் கழுவும் வேகத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். 'இரண்டும் சேர்ந்தால் பளிச்' என்பது நம்பிக்கை, சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. சின்ன பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மூச்சு முட்டி விழ நேரிடும். காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள்ளேயே மாட்டப்பட்ட கேஸ் கீசரும், மலையூர் அறைகளில் குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு மூட்டும் கரி அடுப்பும் வேறொரு வாயுவை, கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமில்லை, மணமில்லை, தலைவலிதான் முதல் அறிகுறி. வாடகை வீடு பார்க்கும்போது கேஸ் கீசர் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

வீட்டுக்கு வெளியே செடிகள். காட்டாமணக்கு விதையை நிலக்கடலை போல நினைத்துத் தின்று, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு வருவது உண்டு. அரளி விதை அதைவிட மோசம், நேரே இதயத் துடிப்பைக் குலைக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, அதாவது கண்வலிக்கிழங்கு, பார்க்க உண்ணும் கிழங்கு போலத்தான் இருக்கும். அதில் இருக்கும் கோல்சிசின் பல உறுப்புகளை ஒருசேரச் செயலிழக்க வைக்கும்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாதவை. உப்புத் தண்ணீர், புளிக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தொண்டைக்குள் விரலும் விட வேண்டாம். ஆசிட் என்றால் திரும்பி வரும்போது மறுபடி சுடும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குப் போகும், கற்பூரம் என்றால் வாந்திக்கு நடுவில் வலிப்பு வரும். அளவுக்கு மீறிய உப்புத் தண்ணீரே குழந்தைக்கு விஷம். சினிமாவில் பார்த்த இந்த வைத்தியத்தால் கெட்டது அதிகம்.

வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, கொப்பளித்துத் துப்ப வைக்கலாம். தோலில் பட்டிருந்தால் துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் கழுவலாம். வாயு என்றால் முதலில் வெளிக்காற்றுக்கு. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108. குழந்தை நன்றாக இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் டெல்லி எய்ம்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். தமிழகத்தில் 104-ஐயும் அழைக்கலாம். இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துக்கொள்வது நல்லது, அந்த நேரத்தில் கூகுளில் தேடக் கை நடுங்கும்.

ரிமோட்டிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியை விழுங்கினால் தாமதமே கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் ஓட்டை போடக்கூடியது அது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை என்றால், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் என்று ஆறு முறை வரை கொடுக்கலாம். தேன் தேடிக் கடைக்குப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் பதற வேண்டியதில்லை. புது ஷூ டப்பாவில் இருக்கும் சிலிக்கா ஜெல், சாக்பீஸ், கிரேயான், மெழுகுவத்தி இவற்றைக் கொஞ்சம் தின்றால் விஷம் ஏறாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளாமல் பார்த்தால் போதும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பாட்டில், அட்டை, டியூப், செடியின் கிளை, எதுவாக இருந்தாலும் கையில் எடுத்துப் போக வேண்டும். எத்தனை மணிக்கு, தோராயமாக எவ்வளவு, குழந்தையின் எடை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தயங்குகின்றன. விஷ வழக்கு என்றால் போலீஸுக்குத் தகவல் போகும் என்ற பயத்தில் "ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை" என்று சொல்லிவிடுகிறார்கள். தகவல் போவது மருத்துவமனை நடைமுறை, சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. மறைப்பதால் நட்டம் நோயாளிக்குத்தான். எலி கேக் என்று தெரிந்தால் மருத்துவர் வைட்டமின் கேயைக் கையில் எடுப்பார். மஞ்சள் பாஸ்பரஸ் என்று தெரிந்தால் பிளாஸ்மா சிகிச்சை உள்ள இடத்துக்கு அன்றைக்கே அனுப்புவார். பாராசிட்டமால் என்று தெரிந்தால் முறிமருந்தைத் தொடங்க எட்டு மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று சொன்னால், கையில் ஓஆர்எஸ் பாக்கெட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.